பெயர் போடாத கதலிக் குலை

டொக்டர்மாருக்கு முகநூல் பக்கம் நடத்திக் கொடுப்பதுதான் என் தொழில் என்று சொன்னால், யாழ்ப்பாணத்தில் பாதிப்பேர் சிரிக்கிறார்கள், மீதிப்பேர் சட்டைப் பையிலிருந்து மருந்துத் துண்டை எடுத்து நீட்டுகிறார்கள்.

ஆயுளின் பெரும்பகுதியை ஒரு நாளிதழின் செய்தி மேசையில் கழித்தவன் நான். ஓய்வுபெற்று வீட்டில் இருந்தபோது நகரத்தில் தனியார் மருத்துவமனை நடத்தும் முதலாளி ஒருவர் கூப்பிட்டார். “எங்கடை டொக்டர்மார் எல்லாரும் பேஸ்புக்கிலை இருக்கினம். தமிழும் பிழை, விசயமும் பிழை. நீங்கள் பாத்துத் திருத்தி விடுங்கோ” என்றார். வரவேற்புக் கவுண்டருக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு மேசை தந்தார்கள். கவுண்டரில் ஜெனிற்றா. குருநகர்ப் பெண். நோயாளி வாயைத் திறக்கமுதல் எந்த டொக்டரிடம் வந்திருக்கிறார் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள்.

ஷெல் சத்தத்துக்கு நடுவில் இருந்து செய்தி எழுதியவன் என்பதால், அதிர்ச்சி என்பது இனி எனக்கு வராது என்று நினைத்திருந்தேன். முகநூல் வந்து அந்த நினைப்பைத் தீர்த்துவைத்தது. கணக்கு வைத்திருக்கும் நீங்களும் உங்கள் பங்குக்குப் பட்டிருப்பீர்கள். ஆனால் நான் சொல்லப்போகிறவற்றில் ஒரு மனிதர், யாரும் கெடுதல் நினைக்காமலே, தன் பிழைப்பான, பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வானை இழக்கப் பார்த்தார். அவர் வரும்வரை கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பச்சைப் புள்ளி

எலும்பு முறிவு டொக்டர் ஒருவர் எங்களிடம் வருகிறார். கைராசிக்காரர் என்று பெயர். அவருடைய வாசலில் எப்போதும் கூட்டம். ஒரு நாள் பின்னேரம், காலில் மாக்கட்டுப் போட்ட ஒரு அம்மா பருத்தித்துறையிலிருந்து பஸ் ஏறி வந்து காத்திருந்தார். உள்ளே நோயாளி இருக்கிறார், கொஞ்சம் இருங்கோ என்று ஜெனிற்றா சொல்லியிருந்தாள். உண்மையில் உள்ளே நோயாளி இல்லை. டொக்டர் காலையிலிருந்து சாப்பிடாமல், அப்போதுதான் ஒரு ரோல்ஸைக் கடித்துக்கொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் குற்றமில்லை. அவருடைய பெயருக்குப் பக்கத்தில் முகநூல் ஒரு பச்சைப் புள்ளியை ஏற்றிவைத்து, ஆள் விழித்திருக்கிறார் என்று ஊருக்கெல்லாம் அறிவித்ததுதான் குற்றம்.

அந்த அம்மா கைத்தடியை ஊன்றிக்கொண்டு எழும்பினார். கவுண்டருக்கு வந்து, தன் போனை ஜெனிற்றாவின் மூக்குக்குக் கிட்ட நீட்டினார். “உள்ளை ஆள் இருக்கெண்டனீங்கள். இப்பத்தான் டென்மார்க்கிலை இருக்கிற என்ரை மச்சாளின்ரை சாறிக்கு லைக் போட்டிருக்கிறார். என்ரை காலைவிட அந்தச் சாறியே பிள்ளை அவசரம்?”

கல்லுக்குச் சொந்தக்காரி

எங்கள் சத்திரசிகிச்சை டொக்டருக்கு ஒரு பழக்கம் இருந்தது. எடுத்த கல்லையெல்லாம் படம் பிடிப்பார். ஒரு நாள் பித்தப்பையிலிருந்து எடுத்த கற்களை வெள்ளித் தட்டில் வரிசையாக வைத்து, “வல்வெட்டித்துறை அம்மா ஒருவரிடமிருந்து இன்று காலை” என்று எழுதி, என்னிடம் காட்டாமலே போட்டுவிட்டார். காலைச் சாப்பாட்டு நேரம். கீழே கருத்துகள் குவிந்தன. “வாழ்த்துகள் சேர்” என்றவர்கள் பலர். “வடிவான கல்லு, மோதிரத்துக்கு வைக்கலாம்” என்று ஒரு நகைக்கடைக்காரர். நான் இடியப்பத்தை அப்படியே வைத்துவிட்டு எழும்பினேன்.

மத்தியானத்துக்குள் இன்னொரு கருத்து வந்தது. அந்த அம்மாவின் பக்கத்து வீட்டுப் பொடியன் ஒருவன், லண்டனில் இருக்கும் ஒருவரின் பெயரை அதிலேயே கோத்துவிட்டு, “மச்சான், உது உன்ரை அம்மா எல்லே?” என்று கேட்டிருந்தான். அந்த மகனுக்கு ஒப்பரேசன் பற்றியே தெரியாது. அவர் வேலையை விட்டுவிட்டு ஓடிவந்துவிடுவார் என்று பயந்து, கோயில் திருவிழாவுக்குப் போய் நிற்கிறேன் என்று தாய் சொல்லியிருந்தார். டொக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் நிஜமாகவே திகைத்துப்போனார். “பேர் போடேல்லையே ஐயா?” என்றார். இந்த வசனத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இது திரும்பவும் வரும்.

அந்த அம்மா தையல் வெட்ட வந்தபோது என் மேசைக்கு முன்னால் நின்று சொன்னார்: “எனக்குக் கல்லைக் காட்டேல்லை, லண்டனுக்குக் காட்டிப்போட்டார். இனி என்ரை வயித்துக்கை என்ன கிடக்கெண்டு மகன் அவரைத்தான் கேப்பான், என்னை நம்பமாட்டான்.”

சீனி நம்பர்

எங்களிடம் மனநல டொக்டர் ஒருவரும் இருக்கிறார். மைதிலி என்று வைத்துக்கொள்வோம். இளம் வயது, கெட்டிக்காரி, பொறுமைசாலி. ஆனால் அவருடைய பெயர்ப் பலகைக்குக் கீழே இருக்கும் கதிரைகளில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். அந்தக் கதிரையில் இருப்பவரைப் பைத்தியம் என்று இந்த ஊர் ஒரே சொல்லில் எழுதி முடித்துவிடும்: விசர். அதற்குப் பிறகு சம்பந்தம் பேச வருகிறவர்கள் வரமாட்டார்கள், வேலை தருகிறவர்கள் தரமாட்டார்கள்.

இதற்கு ஜெனிற்றா ஒரு வழி வைத்திருந்தாள். மைதிலியிடம் வருகிறவர்களுக்குப் பக்கத்து அறையில் நீரிழிவு பார்க்கும் சீனி வருத்த டொக்டரின் நம்பரைக் கொடுப்பாள். அவர்கள் சீனிக்காரர்களோடு சீனிக்காரராக இருந்து, நம்பர் கூப்பிட்டதும் சீனி டொக்டரின் அறைக்குள் நுழைந்து, பக்கக் கதவால் மைதிலியிடம் போய்விடுவார்கள். சீனி டொக்டர் வயதானவர், நல்ல மனுசன். “எனக்கென்ன, என்னட்டைத்தான் இவ்வளவு சனம் எண்டு நினைக்கினம்” என்று சிரிப்பார்.

அப்படி வந்தவர்களில் ஒருவர் யோகராசா. கேட்டு, அவர் ஓம் சொன்ன பிறகுதான் பெயரைப் போடுகிறேன். நீர்வேலி. பள்ளிக்கூட வான் ஓடுபவர். வீட்டோடு கொஞ்ச வாழையும் உண்டு. தம்பி இறந்த பிறகு நித்திரை போய், நெஞ்சு படபடத்து, ஆள் பாதியாகி வந்தவர். வான் ஓடுகிறவர் என்பதால் மயக்கம் தராத மருந்தையே மைதிலி கொடுத்து, பிறகு அதையும் மெல்ல மெல்ல நிறுத்திவிட்டார். ஊருக்கு அவர் சீனி வருத்தக்காரர். அதனால் அவருக்கு வேறொரு தண்டனை கிடைத்தது. பிள்ளைகளை ஏற்றப் போகிற வீடுகளில் தாய்மார் கரிசனையாகச் சீனி இல்லாத தேத்தண்ணி கொடுத்தார்கள். கோயிலில் சர்க்கரைப் பொங்கல் இவருடைய கையைத் தாண்டிப் போனது. சுகமாகிக் கடைசி முறை வந்த அன்று, கவுண்டரில் ஜெனிற்றாவிடம் சொல்லிச் சிரித்தார்: “நித்திரை வந்திட்டுது பிள்ளை. ஆனா சீனி போட்ட தேத்தண்ணி எனக்கு இனி இந்தப் பிறப்பிலை இல்லை.”

நல்ல எண்ணம்

எங்கள் ஊரில் நன்றி சொல்ல வெறுங்கையோடு வருவதில்லை. எலும்பு டொக்டருக்கு மீன் வரும். சத்திரசிகிச்சை டொக்டருக்குக் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் வரும். மைதிலிக்கு மட்டும் ஒன்றும் வராது. அவருக்கு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தால், அவரிடம் மருந்தெடுத்ததை ஒப்புக்கொண்டதாகிவிடும். அந்தக் கடைசி முறை யோகராசா தன் தோட்டத்துக் கதலி வாழைக்குலை ஒன்றை யூரியாப் பையில் போட்டு மறைத்துக்கொண்டுவந்து, பக்கக் கதவால் கொடுத்துவிட்டுப் போனார். மைதிலிக்குக் கிடைத்த முதற்குலை. அவர் கண் கலங்கிவிட்டார் என்று ஜெனிற்றா சொன்னாள்.

கண் கலங்கிய கையோடு படமும் எடுத்திருக்கிறார். மத்தியானம் நான் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் பதிவு ஏறியிருந்தது. மேசையில் குலை. கீழே: “நீர்வேலியில் பள்ளிக்கூட வான் ஓடும் அண்ணை ஒருவர், தொலைந்த நித்திரை திரும்பிய மகிழ்ச்சியில் தன் தோட்டத்திலிருந்து கொண்டுவந்து தந்தது. மனநலச் சிகிச்சைக்கு வெட்கப்படத் தேவையில்லை, நண்பர்களே.” எல்லாம் நல்ல எண்ணம். ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை. மைதிலியின் அறைக் கதவைத் தட்டாமலே திறந்து, “டொக்டர், உதை உடனை எடுங்கோ” என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். “ஏன் அண்ணை? பேர் போடேல்லையே?”

படித்தவர்கள் எல்லோரும் செய்கிற பிழை இது. பெயரை மறைத்தால் ஆள் மறைந்துவிடும் என்று பாடப்புத்தகத்தில் இருக்கிறது. பாடப்புத்தகம் எழுதியவர் பெரிய நகரத்துக்காரராக இருக்கவேண்டும். இந்தக் குடாநாட்டில் ஒருவரைப் பெயரால் தேடுகிறவன் தபால்காரன் மட்டும்தான். மற்றவர்களுக்கு ஊரையும் தொழிலையும் சொன்னால் போதும், வீட்டு வாசலில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். செய்தி மேசையில் ‘பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது’ என்று போட்ட ஆளைப் பற்றி, பத்திரிகை கடைக்குப் போய்ச் சேருமுன்னமே சந்தையில் கதைப்பார்கள். நீர்வேலியில் வான் ஓடுகிறவர்கள் சிலர் உண்டு, வாழை வைத்திருப்பவர்கள் கனபேர். இரண்டையும் சேர்த்து வைத்திருப்பவர் ஒருவர். இதை நான் சொல்லச் சொல்ல மைதிலி பதிவை எடுக்க விரலை வைத்தார். அதற்குள் அதன் கீழே ஒருவர் எழுதியிருந்தார்: “எங்கடை வான் யோகன்ரை கதலி மாதிரிக் கிடக்கு. ஆள் சீனிக்கெல்லோ மருந்தெடுக்கிறவர்?”

தண்ணிப் போத்தல்

பதிவை எடுத்துவிட்டார். ஆனால் முகநூலில் எடுப்பது என்பது, சுவரொட்டியைக் கிழித்து எல்லோருடைய பையிலும் ஒரு துண்டு போடுகிற மாதிரி. யாரோ படம் பிடித்து, கனடாவில் இருக்கும் நீர்வேலிக்காரர்களின் வட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். அங்கே விடிந்து ஒரு தகப்பன் கண்முழித்துப் பார்த்தார். அவருடைய பிள்ளை யோகராசாவின் வானில் போகிற பிள்ளை. இங்கே பின்னேரம் மனைவியை அழைத்தார். மனைவி மற்றத் தாய்மாரை அழைத்தார். அடுத்த நாள் காலை வானுக்குக் குறைவாகத்தான் பிள்ளைகள் வந்தார்கள். அதற்கடுத்த நாள் இன்னும் குறைவு. ஒருவரும் சண்டை போடவில்லை, ஒருவரும் விசர் என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்லவில்லை. பிள்ளைக்குச் சளி, தடிமன் என்றார்கள். சித்தப்பா வந்து நிற்கிறார், அவர் ஏற்றுவார் என்றார்கள். இங்கே ஒரு மனிதரைக் கைவிடுவது இப்படித்தான், மிக மரியாதையாக.

அந்த வாரம் ஒரு காலை நான் பஸ் ஏறி நீர்வேலிக்குப் போனேன். பள்ளிக்கூட மணி அடிக்கிற நேரம். வான் ரோட்டில் நிற்கவேண்டிய நேரத்தில் முற்றத்தில் நின்றது. யோகராசா சீற்றுகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த சீற்றையே திரும்பவும் துடைத்தார். “வாங்கோ ஐயா” என்றார்.

அப்போது படலையைத் திறந்துகொண்டு ஒரு தாய் வந்தார். அவருடைய மகள் வானில் மறந்துவிட்ட தண்ணிப் போத்தலை எடுக்க வந்தவர். யோகராசா அதைக் கழுவி வைத்திருந்தார். மூடியைத் திருகிச் சரிபார்த்துக் கொடுத்தார். யோகராசா உள்ளே போனதும் அந்தத் தாய் என்னிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “இவர் தங்கமான மனுசன் ஐயா. என்ரை பிள்ளையைத் தன்ரை பிள்ளை மாதிரிப் பாத்தவர். அதுதான் உள்ளதைச் சொல்ல வாய் வராமல், தடிமன் எண்டு சொன்னனான்.”

லைவ்

நான் திரும்பிவந்து சொன்னதும் மைதிலி கணினியைத் திறந்து எழுதத் தொடங்கினார். நீளமான விளக்கம். அந்த அண்ணை பூரணமாகச் சுகமடைந்துவிட்டார், அவர் எடுத்த மருந்து வாகனம் ஓட்டத் தடையானதல்ல, அவருக்கு வந்தது யாருக்கும் வரக்கூடியது என்று ஒவ்வொன்றாக எழுதினார். வாசித்துப் பார்த்தேன். தமிழ் நன்றாக இருந்தது. உண்மையும் அதுதான். “இதைப் போட்டால், முதல் பதிவைப் பாக்காத ஆக்களும் இவர் ஆரெண்டு தேடுவினம் டொக்டர்” என்றேன். பத்திரிகைத் திருத்தத்தின் குணம் அது. பிழையான செய்தியை வாசிக்காதவர்கள்கூடத் திருத்தத்தை வாசித்துவிட்டு, பழைய பத்திரிகையைத் தேடி எடுப்பார்கள்.

அவர் எழுதியதை அழித்துக்கொண்டிருக்கும்போது முதலாளி உள்ளே வந்தார். அவருக்கும் கதை எட்டியிருந்தது. நான் நினைத்தேன், மருத்துவமனையின் பெயர் கெட்டுவிட்டது என்று கத்தப்போகிறார் என்று. அவர் முகத்தில் ஒரு சந்தோசம் இருந்தது. கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். இவ்வளவு காலத்தில் எத்தனையோ முதலாளிமாரின் யோசனைகளைக் கேட்டவன் நான். இதைக் கேட்டு மேசையைப் பிடித்துக்கொண்டேன்: “டொக்டர், அந்த வான்காரரைக் கூப்பிட்டு, குலையையும் பக்கத்திலை வைச்சு, ரெண்டுபேரும் ஒரு லைவ் போடுங்கோவன். சனம் அழுதழுது பாக்கும்.”

கேட்க வந்தது

மைதிலி மன்னிப்புக் கேட்கப் போகிறேன் என்றார். நானும் கூடப் போனேன். அவருடைய காரை வாசலில் விட்டால் ஊர் பார்க்கும் என்று நான் சொல்ல, “இனி என்ன பாக்கிறதுக்கு மிச்சம் இருக்கு அண்ணை?” என்று வாசலிலேயே விட்டார். யோகராசா பிளாஸ்ரிக் கதிரைகளைத் துடைத்துப் போட்டார். அவருடைய மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, எங்களைப் பாராமல் உள்ளே போய்விட்டார்.

மைதிலி சுற்றி வளைக்கவில்லை. “நான் செய்தது பிழை. நல்லதுக்கெண்டு நினைச்சன். உங்களிட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கோணும், கேக்கேல்லை” என்றார். யோகராசா வானைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்பட்டிருந்தால் எங்கள் இரண்டுபேருக்கும் அது உதவியாக இருந்திருக்கும். அவர் கோபப்படவில்லை. “குலையைப் போட்டதுக்கு எனக்கொண்டும் இல்லை டொக்டர். வடிவான குலை. நித்திரை வந்தது எண்டு போட்டனீங்கள் பாருங்கோ, அதாலைதானே நித்திரை வராத ஆளெண்டு தெரிஞ்சது” என்றார்.

தேத்தண்ணி ஆறிப்போனது. மைதிலி எழும்ப ஆயத்தமானபோது, யோகராசா, நோயாளி டொக்டரிடம் சொல்கிற அதே குரலில் சொன்னார்: “இப்ப அந்த நித்திரை திரும்பவும் போயிட்டுது டொக்டர். அதையும் ஒருக்கால் எழுதி விடுங்கோவன்.”

முன் சீற்

படலைவரை போன மைதிலி நின்றார். திரும்பி வந்தார். “அண்ணை, உங்கடை வானிலை இடம் இருக்கோ?” என்று கேட்டார். யோகராசாவுக்கு விளங்கவில்லை. எனக்கும் விளங்கவில்லை. “இடம்தானே டொக்டர் இப்ப இருக்கிற ஒரே சாமான்” என்றார் அவர். மைதிலியின் வீடு இருபாலையில், நகரத்துக்குப் போகிற அதே பாதையில். அவருடைய மகள் நகரத்துப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். தகப்பன் காரில் கொண்டுபோய் விடுகிற பிள்ளை. “திங்கட்கிழமையிலையிருந்து என்ரை மகளை ஏத்துங்கோ” என்றார்.

யோகராசா உடனே ஓம் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அவர்மேல் மரியாதை வந்த இடம். “இரக்கத்துக்கு ஏத்திவிடுறதெண்டால் வேண்டாம் டொக்டர்” என்றார். மைதிலி முகத்தை நேரே பார்த்துச் சொன்னார். “நான் உங்களுக்கு மருந்து தந்த ஆள். நீங்கள் வான் ஓடலாமோ ஓடக்கூடாதோ எண்டு இந்த ஊரிலை என்னைவிட ஆருக்குத் தெரியும்? பயம் இருந்தால் நான் பிள்ளையைத் தருவனோ?” யோகராசாவின் மனைவி உள்ளே இருந்து எட்டிப் பார்த்தார். யோகராசா கொஞ்சம் யோசித்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார். பிறகு ஒரு நிபந்தனை வைத்தார்: “ஓம், ஏத்திறன். ஆனா பிள்ளை வானிலை ஏறுறதைப் படமெடுத்து ஒண்டிலையும் போடாதேங்கோ.”

சீனி போட்ட தேத்தண்ணி

படம் போடவில்லை. தேவைப்படவும் இல்லை. காலையில் அந்த வான் இருபாலையில் நிற்பதையும், மனநல டொக்டரின் ஒரேயொரு பிள்ளை வெள்ளைச் சட்டையோடு முன் சீற்றில் ஏறுவதையும், பின்னேரம் பள்ளிக்கூட வாசலில் அதே பிள்ளை “யோகன் மாமா” என்று கத்திக்கொண்டு ஓடிவருவதையும், பார்க்கவேண்டியவர்கள் தங்கள் கண்ணாலேயே பார்த்தார்கள். கனடாவுக்கும் அது போய்ச் சேர்ந்திருக்கும். அதை அனுப்பியவர் யாரென்று நான் விசாரிக்கவில்லை. கதை இத்தோடு நன்றாக முடிந்தது என்று எழுத எனக்கும் விருப்பம்தான். ஆனால் எல்லாப் பிள்ளைகளும் திரும்பி வரவில்லை. சித்தப்பாமார் சிலர் இன்னும் ஏற்றிக்கொண்டுதான் திரிகிறார்கள். வானில் இன்றைக்கும் காலிச் சீற்றுகள் உண்டு.

யோகராசா மறுபடி மருந்துக்கு வந்தார். ஜெனிற்றா பழக்கத்தில் சீனி நம்பரை எடுத்து நீட்டினாள். அவர் வாங்கவில்லை. “எனக்குச் சீனி இல்லைப் பிள்ளை” என்றார். சத்தமாகத்தான் சொன்னார். போய், மைதிலியின் பெயர்ப் பலகைக்குக் கீழே, ஒருவரும் இருக்காத அந்தக் கதிரைகளில் ஒன்றில், கால்மேல் கால் போட்டு இருந்தார். சீனி டொக்டரின் வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அந்த வரிசையில் இருந்தவர்களில் எத்தனை பேர் உண்மையான சீனிக்காரர், எத்தனை பேர் ஜெனிற்றாவின் சீனிக்காரர் என்று எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன். இரண்டாவது வகைக்காரர்கள்தான் கூடுதல் நேரம் பார்த்தார்கள்.

நான் போய்ப் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். நித்திரை எப்படி என்று கேட்டேன். “வந்தும் வராமலும்” என்றார். அன்று காலை தண்ணிப் போத்தல்காரத் தாய், தன் மகளைத் திரும்ப வானில் ஏற்றிவிட்டாராம். தடிமன் மாறிவிட்டது என்று சொன்னாராம். வேறொன்றும் சொல்லவில்லையாம். ஏற்றிவிட்டு, முந்திப்போல ஒரு கோப்பைத் தேத்தண்ணி நீட்டியிருக்கிறார். இவரும் முந்திப்போல, நாக்கைத் திடப்படுத்திக்கொண்டு ஒரு மிடறு குடித்திருக்கிறார். இதைச் சொல்லும்போது அவர் நிறுத்தி, மைதிலியின் பெயர்ப் பலகையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சொன்னார்: “இனிச்சுது ஐயா. மூண்டு கரண்டி போட்டிருக்கிறா. எனக்குச் சீனி இல்லை, மற்றதுதான் எண்டு நல்லாத் தெரிஞ்சுகொண்டு போட்டிருக்கிறா.”

நல்ல எண்ணத்தோடு போட்ட ஒரு பதிவு கெடுத்ததை ஒரு தாயின் தேத்தண்ணிக் கோப்பை கொஞ்சமாகவாவது திருத்துவதைப் பார்த்த பிறகு, டெங்கு வரும், சிரட்டையில் தண்ணீர் தேங்கவிடாதீர்கள் என்பதற்கு மேல் எங்கள் டொக்டர்மாருக்கு நான் ஒரு வரியும் எழுதிக் கொடுப்பதில்லை.